நோட்டில் இல்லாத நாற்பது

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மகன் வீட்டில் உங்களுக்கு எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். போனில் பேசலாம் என்றால் உங்கள் காது ஒத்துழைப்பதில்லை. இருபத்து நாலு வருஷம் ரயில் நிலையத்து மைக்கில் கத்தி, உங்களிடம் 'மைக்' என்றே பெயர் வாங்கியவளின் குரலே உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நான் யாரிடம் போய் முறையிடுவது? அதனால்தான் கடிதம்.

உங்கள் தையல் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். போன வாரம் பழக்க தோஷத்தில் படியேறிவிட்டேன். "என்ன மாடல்?" என்று கேட்டார்கள். இறங்கிவிட்டேன்.

செய்தி இதுதான். ஏப்ரல் பதினைந்திலிருந்து என்னை விசாரணை ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷம் மூடிய அறைக்குள் உட்கார்ந்து வண்டி வருகிறது, வண்டி புறப்படுகிறது என்று சொன்னேன். என்ன உடுத்தியிருக்கிறேன் என்று மின்விசிறிக்குத்தான் தெரியும். இனி ஐம்பத்திரண்டு வயதில், கண்ணாடிக்குப் பின்னால், ஊரே பார்க்க உட்கார வேண்டும்.

நீங்கள் இல்லாததால் முதல் முறையாக ரெடிமேட் கடைக்குப் போனேன். விற்கிற பெண் "சைஸ் என்ன மேடம்?" என்றாள். "நாப்பது" என்றேன். என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு "நாப்பதா?" என்றாள். "எட்டு வருஷமா நாப்பதுதாம்மா, நீ எடு" என்றேன். போட்டுப் பார்க்கும் அறையில் அந்தக் கவுன் தலையைத் தாண்டித் தோளில் சிக்கிக்கொண்டது. கை இரண்டும் மேலே, முகம் உள்ளே. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வெளியிலிருந்து அவள் "சரியா இருக்கா மேடம்?" என்கிறாள். "பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று துணிக்குள்ளிருந்து பதில் சொன்னேன். அந்த இருட்டில், கூப்பிட்டால் வந்து இழுத்துவிட எனக்கு ஒரு ஆள் இல்லை என்பது உறைத்தது. எப்படியோ உருவி எடுத்தேன். ஓரத்தில் தையல் பிரிந்தது. சொல்லாமல் மடித்து வைத்துவிட்டு, "உங்க கம்பெனி அளவே தப்பு" என்று அவளிடம் சண்டையும் போட்டுவிட்டு வந்தேன்.

கடைசி மூலையில் 'பெரிய அளவு' என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முழுக்கக் கறுப்பும் சாம்பலும். குண்டான பெண்களெல்லாம் துக்கத்தில் இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னார்களோ.

உங்கள் அளவு நோட்டில் என் பக்கத்தைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். இங்கே வேறு தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மைக்


மார்ச் 9

அன்பு மைக்குக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். கவுனுக்குள் மாட்டிக்கொண்ட இடத்தில் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அறையில் ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டிருக்கிறேன். மருமகளுக்குத் திரைச்சீலை தைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் துணியோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சுவிட நேரமில்லை.

ஜன்னல் வேலைக்கு நான் சொல்கிறபடி எடு. உடம்பை மறைக்கிறேன் என்று கூடாரம் மாதிரி தைத்துக்கொள்ளாதே. அது உன்னை இரண்டு மடங்காகக் காட்டும். தோள் சரியாக உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. மார்புக்குப் பக்கவாட்டில் பிடிப்பு வைக்கச் சொல். கழுத்து கொஞ்சம் இறக்கமாக, கை முழங்கைக்குக் கீழே வரை. கறுப்பைத் தொடாதே. செங்கல் நிறம் உனக்கு எடுக்கும், மயில் பச்சையும் எடுக்கும். ஜன்னலில் மேல் பாதிதான் தெரியும், அதனால் காசை மேல் பாதியில் போடு.

அளவு எதற்கு? நான் தைத்த சட்டை ஒன்றைக் கொண்டுபோய் மாதிரிக்குக் கொடு. நோட்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, தேட வேண்டும்.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதறாதீர்கள். நானே போதுமான அளவு பதறிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி பழைய சட்டையோடு சந்தைத் தெருத் தையல்காரரிடம் போனேன். அவர் சட்டையை விரித்து அளந்து "இதுவே நாப்பத்தெட்டு இருக்கேம்மா" என்றார். "எங்க அக்கா எப்பவும் தாராளமா விட்டுத்தான் தைப்பாங்க" என்றேன். அவர் நம்பாமல் என்னையே அளந்தார். நாற்பத்தாறு. மறுபடி அளக்கச் சொன்னேன். அதே நாற்பத்தாறு.

நவம்பரில் நீங்கள் அளந்தபோது நாற்பது. நாலு மாதத்தில் ஆறு அங்குலம் எப்படி ஏறும்? நான் முன்பைவிட அதிகம் சாப்பிடவில்லை. எங்கள் சித்திக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. வயிற்றில் நீர் கோத்து, துணி இறுகுகிறது என்று சொன்ன ஐந்தாம் மாதம் போய்விட்டாள். தளர்வான சட்டைகளாகவே போட்டதால் எனக்குத் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் நாலு மாதம், ஆறு அங்குலம், சித்தி என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார். "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். யாராவது அப்படிக் கேட்டால் எவ்வளவு பயம் வரும் என்று இப்போது தெரிகிறது. வெள்ளிக்கிழமை, இருபத்து நாலாம் தேதி ஸ்கேன். படிவத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் வெகு நேரம் எழுதாமல் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் என்னை விட்டுப்போய் எட்டு வருஷம் ஆகிறது, அவர் பெயரை எழுத முடியாது. உங்கள் பெயரையும் மகன் வீட்டு விலாசத்தையும் எழுதியிருக்கிறேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று போட்டேன். தப்பில்லையே?

மைக்


மார்ச் 21

மைக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

நேற்று மகன் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ ஸ்கேன் பற்றிச் சொன்னாய். "காதுல விழலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

உனக்கு ஒரு நோயும் இல்லை. நவம்பரிலேயே நீ நாற்பத்தாறு. அதற்கு முந்தின வருஷம் நாற்பத்தைந்து. நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. வாயால்தான் உன்னிடம் நாற்பது என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர் விட்டுப்போன வருஷம் நீ அளவு கொடுக்க வந்தாய். நான் யோசிக்காமல் "நாப்பத்திரண்டு, ஏறிடுச்சு" என்றேன். நீ துணியை மடித்துப் பைக்குள் வைத்து, "இன்னொரு நாள் வரேங்க்கா" என்று போனாய். ஐந்து மாதம் வரவில்லை. நாள்தோறும் மாலை உன் குரல் ரயில் நிலையத்திலிருந்து கடை வரை கேட்கும், ஆள் மட்டும் வரமாட்டாய். திரும்பி வந்தபோது நான் முந்திக்கொண்டு நாற்பது என்றேன். உன் முகம் தெளிந்தது. அடுத்த முறையும் அதையே சொன்னேன், பிறகு மாற்ற முடியவில்லை. சின்ன ரிப்பேர் என்று உன் பழைய சட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு ஓரங்களைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்ததும் நான்தான்.

உனக்காகத்தான் செய்தேன் என்று எழுத ஆசை. அது பாதிதான். மற்றவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். நீதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவாய். நீ வராமல் போய்விடுவாயோ என்று எனக்குப் பயம்.

ஸ்கேன் எடுக்காதே. பயப்படாதே.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையே நான் அந்த மேஜையில் படுத்தாகிவிட்டது.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் அழுததைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த சந்தோஷமும் போய்விட்டது.

எண்ணுக்காக இல்லை. நாற்பத்தாறு என்றால் நாற்பத்தாறு. ஒரு வாரம் சாவேன் என்று நினைத்தேனே, அதற்காகக்கூட இல்லை. வருஷத்தில் நாலு தடவை நீங்கள் அளவு எடுப்பீர்கள். தோளில் ஒரு கை, முதுகில் ஒரு கை, "நிமிர்ந்து நில்லு" என்று தாடையில் ஒரு விரல். எட்டு வருஷமாக வேறு எந்த மனிதக் கையும் என் மேல் பட்டதில்லை. அதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன், இனி வெட்கப்பட என்ன இருக்கிறது. நான் துணிக்காக வந்தேன் என்றா நினைத்தீர்கள்? பெட்டியில் தைக்காத துணி எனக்கு எத்தனை இருந்தது தெரியுமா? என்னை உள்ளபடி பார்க்கிற ஒரே ஆள் நீங்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். நீங்களோ பார்த்ததை ஒளித்து வைத்துவிட்டு, நான் கேட்க விரும்பியதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவரும் கடைசி இரண்டு வருஷம் அதைத்தான் செய்தார்.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 8

மைக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

நோட்டிலிருந்து உன் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். இருபது வருஷத்து அளவு, தேதி போட்டு. அது உன்னுடையது.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் இங்கே வரவே இல்லை. இடம் அடைக்கும் என்று, கடையைக் காலி செய்த அன்றே மகன் அதை யாருக்கோ கொடுத்துவிட்டான். திரைச்சீலை மருமகள் கடையில் வாங்கியது. துணியோடு இங்கே யாரும் வருவதில்லை, நான் தையல்காரி என்பதே இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. காலையில் இருவரும் வேலைக்குப் போனால் மாலைதான் வருவார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. "சாப்டீங்களா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

என்னைப் பற்றி நீ உயர்வாக நினைக்க வேண்டும் என்று அப்படி எழுதினேன். பதினைந்தாம் தேதி நிமிர்ந்து உட்கார்.

அக்கா


மே 10

அக்காவுக்கு,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு மாதம் இருந்தும் பார்த்தேன்.

பதினாலாம் தேதி மறுபடி அந்த ரெடிமேட் கடைக்குப் போனேன். அதே பெண். "நாப்பத்தாறு" என்றேன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. பிளாட்பாரம் முழுக்கக் கேட்க வைத்தவளுக்கு இது என்ன பெரிய காரியம்? கறுப்பு வரிசையைத் தாண்டி உள்ளே போய்ச் செங்கல் நிறத்தில் ஒன்று எடுத்து வந்தாள். தலையில் சிக்கவில்லை. தோள் சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் இருந்தவள் அழகி என்று சொல்ல மாட்டேன். பார்க்க நன்றாக இருந்தாள். அந்தப் பெண்ணிடம் போன தடவை தையல் பிரிந்ததையும் சொன்னேன். "தெரியும் மேடம், சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

ஜன்னலில் உட்கார்ந்து மூன்றரை வாரம் ஆகிறது. இத்தனை வருஷம் பயந்தேனே, ஒருவரும் என்னைப் பார்ப்பதில்லை அக்கா. என் தலைக்கு மேலே கடிகாரம் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். "எத்தனாவது பிளாட்பாரம்?" என்று கடிகாரத்திடம் கேட்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன். முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்து செங்கல் நிறக் கவுனைக் கழற்றாமலே படுத்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'இடது தோள் இறங்கியிருக்கிறது, பை தூக்குகிறாள்.' 'இந்த முறை மெலிவு, சாப்பிடுகிறாளா?' 'இருமல்.' நாற்பத்தாறுக்குப் பக்கத்தில் 'நன்றாக இருக்கிறாள்' என்று இருந்தது. இதையெல்லாம் வாயால் சொல்லியிருக்கலாமே. எண்ணைவிட இது சொல்லக் கஷ்டமா?

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது தீர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் நமக்கு வயது பற்றாது. இருபதாம் தேதி எனக்கு விடுமுறை. காலை வண்டியில் வருகிறேன், பதினொன்று ஐந்துக்கு அங்கே வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

டேப் எடுத்து வர வேண்டாம். அளவு எனக்கே தெரியும். சும்மா ஒரு முறை தோளில் கை வையுங்கள்.

உங்கள் மைக்