கை மடங்கினால் செல்லாது

செவ்வாய்க் கோள், நாள் 211 – காலை 07:10
பதிவு: மரகதவல்லி, தாவரப் பிரிவு. நிலையத்தில் இருவர். கீரைத் தொட்டிகளில் ஈரம் சரி. கூரைத் துணியில் கிழிசல் இல்லை. சக ஊழியன் கஜேந்திரன் பாறை மாதிரி எடுக்கத் தரைக்கு அடியிலுள்ள துளையறைக்கு இறங்கியிருக்கிறான். போகும்போது வழக்கம்போல் ஒரு குத்தல்: "அக்கா, இன்னிக்காவது அந்த பாரைத் தொடு. துரு புடிக்கப் போவுது." கல்லூரியில் பளுதூக்கியவன். சொந்தச் சாமானுக்கு அனுமதித்த எடை முழுவதையும் ஒரு இரும்பு பாருக்கும் வட்டுகளுக்கும் செலவழித்த ஒரே விண்வெளி வீரன் இவனாகத்தான் இருப்பான். எனக்கோ உடற்பயிற்சி என்றாலே எட்டிக்காய்.

நாள் 211 – மாலை 15:40
தரை அதிர்ந்தது. துளையறையின் மூடி தானாக இறங்கிவிட்டது. அதைத் தூக்கும் மோட்டார் எரிந்து போயிற்று. கஜேந்திரன் உள்ளே. காயமில்லை. ஆனால் அந்த அறை மெல்லக் கசிகிறது. அவன் கையில் சில காற்றுக் குப்பிகள்தான்.
மூடியைக் கையால்தான் தூக்க வேண்டும். ஜாக்கி கீழே, அவனிடம். கூரை வெறும் துணி, கப்பி தாங்காது. மூடியின் கைப்பிடியைத் தரையிலிருந்து, பக்கச் சட்டத்தில் தலைக்கு மேலே உள்ள கொக்கிகள் வரை கொண்டுபோக வேண்டும். நடுவில் நெஞ்சில் நிறுத்தி மூச்சு வாங்க முடியாது. விண்ணுடையின் நெஞ்சுப் பெட்டி இடிக்கிறது. இங்கே அதைத் தூக்குவது பூமியில் நாற்பத்தைந்து கிலோ தூக்குவதற்குச் சமம்; பாரின் கிலோவும் அதே கணக்குத்தான். முயன்றேன். முழங்காலைத் தாண்டவில்லை.
இன்டர்காமில் சிரித்தான். "ஒரே இழுப்புல தலைக்கு மேல. அதுக்குப் பேரு ஸ்நாட்ச்க்கா. நான் கத்துத் தரேன்."

நாள் 212 – காலை 06:00
அவனால் என்னைப் பார்க்க முடியாது. இன்டர்காமைத் திறந்து வைத்து, சத்தத்தைக் கேட்டே சொல்கிறான். மூடிக்குப் பக்கத்திலேயே பாரைப் போட்டுப் பழகுகிறேன்.
முதல் பாடம் தூக்குவது இல்லை, போடுவது. தப்பினால் பாரை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நகர வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. பூந்தொட்டியை வைப்பது மாதிரி மெதுவாக இறக்கினேன்.
"சத்தம் வரலியே. எறக்கி வெச்சியா? இடுப்பு புட்டுக்கும். கைய வுடுக்கா!"
விட்டேன். நிலையமே அதிர்ந்தது. கீழே கைதட்டினான்.

நாள் 213 – மாலை 18:20
அகலப் பிடி. பார் உடம்பை உரசியபடி ஏற வேண்டும். கால்தான் தள்ள வேண்டும், கை வெறும் கயிறு. பார் உயரும் நேரத்தில் நான் அதன் அடியில் உட்கார்ந்துவிட வேண்டும், முழங்கை மடங்காமல். ஓடும் பஸ்ஸில் ஏறுவதுபோல் இருக்கிறது.
"கால் சத்தம் ரெண்டா கேக்குது. ஒண்ணா வரணும். பயந்துகினு ஒரு காலை முன்னாடி வெக்கிற."
உண்மை. பயம்தான்.
இருபத்தைந்து கிலோ ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

நாள் 215 – காலை 05:50
பேசினால் காற்று செலவாகிறது. இனி துளையறையிலிருந்து மேலே வரும் குழாயில் ஸ்பானரால் தட்டுவான். ஒரு தட்டல், செல்லாது. இரண்டு தட்டல், செல்லும். போட்டி நடுவரின் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும் மாதிரி.
கடைசியாக ஒரு நிபந்தனை போட்டான்: "நாப்பத்தஞ்சுக்கு நான் செல்லும்னு சொன்னப்புறம்தான் மூடிகிட்ட போற. அது நழுவுனா உன் காலு போயிடும். அப்பால ரெண்டு பேருமே காலி."
முப்பத்தைந்து கிலோ. இரண்டு தட்டல்.

நாள் 216 – இரவு 20:15
நாற்பத்தைந்து ஏறியது! முழங்கை மடங்கிவிட்டது, தலைக்கு மேலே வைத்து முக்கி முனகி நிமிர்த்தினேன். இன்டர்காமில் உள்ளபடி சொன்னேன்.
ஒரு தட்டல்.
அப்புறம் அவன் குரலே வந்தது, மெலிந்து. "கை மடங்குனா செல்லாதுக்கா. திரும்ப."
எரிச்சல் வந்தது. திரும்ப முயன்றேன். ஏறவில்லை. திரும்ப. ஏறவில்லை. உள்ளங்கைத் தோல் கிழிந்துவிட்டது.

நாள் 217
ஒன்றும் ஏறவில்லை. உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டேன். தட்டல்கள் தாமதமாக வருகின்றன. எல்லாம் ஒற்றைத் தட்டல்.

நாள் 218 – காலை 04:30
நாற்பத்தைந்து. பார் தொடையை உரசியது. அடியில் போனேன். கை பூட்டிக்கொண்டது. கால் ஒரே சத்தம்.
காத்திருந்தேன்.
குழாயில் காதை வைத்தேன். கூப்பிட்டேன். கத்தினேன்.
அவன் சொல்லுக்குக் காத்திராமல் உடையை மாட்டிக்கொண்டு மூடியைப் பிடித்தேன். ஒரே இழுப்பு. கொக்கியில் மாட்டியது. அவ்வளவு சுலபமாக மாட்டியது.
கஜேந்திரன் குழாய் ஓரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஸ்பானர் கையிலேயே இருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது.

நாள் 218 – நேரம் பார்க்கவில்லை
இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றைக் கேளுங்கள். மூடிக்கு முழங்கை மடங்கியதா என்று தெரியாது. அது நடுவர் இல்லை. எப்படியோ முக்கி முனகி மேலே போனால் போதும், கொக்கி பிடித்துக்கொள்ளும். நாள் 216 இரவு நான் தூக்கினது போதும். அப்போது அவன் பேசிக்கொண்டிருந்தான்!
எனக்கு ஏன் உறைக்கவில்லை? நான் ஸ்நாட்ச் கற்றுக்கொண்டிருந்தேன். பாவி, இரண்டு தட்டலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். அவன் ஏன் மறுத்தான்? பழக்க தோஷத்திலா? என் கால் போய்விடும் என்றா? காற்று குறைந்து புத்தி மங்கியதா? கேட்க ஆள் இல்லை. அவன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

நாள் 219 – காலை 09:00
பூமியிலிருந்து செய்தி: "ஆழ்ந்த வருத்தங்கள். துளையறை வழியாக நிலையத்தின் காற்று வெளியேறுகிறது. கஜேந்திரனின் உடலை அங்கேயே குளிரில் வைத்து மூடியை உடனே மூடவும். கப்பல் வரும் வரை தாக்குப்பிடிக்கவும்."
அவன் மடியில் ஒரு சின்ன வட்டை வைத்தேன். அவன் கண்களை மூடிவிட்டேன்.

நாள் 219 – 09:50
கொக்கியிலிருந்து எடுக்க மூடியை ஒரு விரற்கடை உயர்த்த வேண்டும். உயர்த்தினேன். கொக்கிகள் விலகின. முழு எடையும் என் கையில். அவன் முகம் கீழே தெரிந்தது.
அப்படியே நின்றேன். கை மடங்கவில்லை. தோள் எரிந்தது. காற்று குறைவதைச் சொல்லும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெதுவாக, அவனுக்கு வலிக்காமல் இறக்கி வைக்கத்தான் ஆசை. இடுப்பு புட்டுக்கும் என்று திட்டுவான்.
கையை விட்டுப் பின்னால் நகர்ந்தேன்.
நிலையமே அதிர்ந்தது. மணி நின்றது. குழாயில் கையை வைத்துக்கொண்டு இன்னும் நிற்கிறேன்.