ஐந்து புள்ளி ஆறு

மார்ச் 14, செவ்வாய்

மூன்று நாளாக ஆப்பிரிக்கா எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறது. சகாராவின் செந்தூசி கடல் தாண்டி வந்து, ஸ்பெயினின் இந்த அல்மெரியாவில் இத்தனை இடமிருக்க, எங்கள் நூற்று அறுபத்தொன்பது கண்ணாடிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வெயிலைக் கோபுர உச்சியில் குவித்து விமான எண்ணெய் செய்யப்போகிறோம் என்று உலகத்துக்கே சொன்னவர்கள் இன்று செய்து முடித்தது: காபி.

“இருபத்திரண்டாம் தேதி சோதனை. நாள் மாறாது” என்று அறிவித்துவிட்டார் திட்டத் தலைவர் லியாந்த்ரோ. சூரியனிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார் போல.

மார்ச் 18, சனி

கண்ணாடி கழுவும் திருவிழா. ஆய்வாளர், கணக்கர், எல்லார் கையிலும் குழாய். மேய்ப்பது ஃபெர்மின். இருபது வருடமாக இந்தக் கண்ணாடி வயல் அவர் பொறுப்பு.

“விசி, ஒண்ணு கேக்கணும். எரிச்சா வர்ற புகை, தண்ணி, இதையெல்லாம் கோபுரத்துல வச்சு வெயில்ல வாட்டி மறுபடி எண்ணெயாக்குறீங்க. சரிதான?”

“சரிதான்.”

“அப்புறம் அதையும் எரிப்பீங்க?”

“ஆமா.”

“அப்ப சும்மா இருந்திருக்கலாமே!”

பதினோரு வருடம் நான் படித்த படிப்பை ஒரே வரியில் முடித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனார்.

மார்ச் 22, புதன்

5.6!

விழுந்த வெயிலில் நூற்றுக்கு 5.6 பங்கு எரிபொருளாகியிருக்கிறது. இதுவரை எங்கள் உச்சம் 3.9. லியாந்த்ரோ என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதேன். (எழுதிவிட்டேன். கிழிக்க மாட்டேன்.)

மார்ச் 27, திங்கள்

செய்தித்தாளில் முதல் பக்கம். பேட்டியில் லியாந்த்ரோ “நான்” என்று பதினேழு முறை சொல்லியிருக்கிறார். “நாங்கள்” ஒரு முறை. அச்சுப்பிழையாக இருக்கலாம்.

பத்து மடங்கு பெரிய கோபுரத்துக்கு மத்ரித் அரசாங்கம் பணம் தரப்போகிறதாம். மே மாதம் கையெழுத்து. ஜூனில் முடியவிருந்த ஃபெர்மினின் வேலையும் தப்பும், என் வேலையும் தப்பும்.

மார்ச் 31, வெள்ளி

அறுந்த ஒயரைக் கட்ட ஃபெர்மின் கூரைக்கு ஏறினார். நான் கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலின் அளவு 690. திடீரென்று 910.

“என்ன பண்ணுனீங்க?” என்று கத்தினேன்.

“ஒண்ணுமில்லம்மா. வெயில் அளக்குற கருவி மூஞ்சியெல்லாம் அழுக்கு. சட்டையால தொடச்சு விட்டேன். ஏன், சூரியன் எந்திரிச்சிருச்சா?”

நூற்று அறுபத்தொன்பது கண்ணாடியைக் கழுவினோம். கட்டைவிரல் அளவு கண்ணாடி ஒன்றை விட்டுவிட்டோம். கருவி வெயிலைக் குறைத்துக் காட்டியதால் எங்கள் சாதனை கூடிவிட்டது. திருத்திப் போட்டால் 4.2.

தினமும் காலையில் அதைத் துடைக்க வேண்டியது யார்? பதிவேட்டைப் புரட்டினேன். மார்ச் 22: “துடைக்கப்பட்டது.” கீழே கையெழுத்து – என்னுடையது. படி ஏறாமலே போட்டது.

ஏப்ரல் 3, திங்கள்

லியாந்த்ரோவிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“எத்தன பேருக்குத் தெரியும்?”

“எனக்கும் ஃபெர்மினுக்கும். அப்புறம் அவரு சட்டைக்கும்.”

சிரிக்கவில்லை. “மே மாசம் கையெழுத்தாகட்டும் விசி. அப்புறம் மெதுவாத் திருத்திக்கலாம். ஃபெர்மினோட சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுவியா?”

நல்ல மனிதர். பத்திரிகைக்காரர்கள் முன் ஃபெர்மினின் பெயரே ஞாபகம் வரவில்லை. இன்று அவருடைய சோறு வரைக்கும் ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் 4

கடிதம் எழுதினேன். அழித்தேன்.

ஏப்ரல் 5, புதன்

ஃபெர்மினிடமே போய்க் கேட்டேன். நான் உண்மையைச் சொன்னால் உங்கள் வேலை போய்விடும், என்ன செய்யட்டும் என்று.

குழாயை மூடினார். “நான் வேணாம்னு சொன்னா சொல்லாம இருந்துருவியா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அப்ப எதுக்குக் கேக்குற? உன் பாரத்தை என் தலையில எறக்கி வைக்கவா? போ தாயி, போய் வேலையப் பாரு.”

எனக்கு வேண்டியதுதான். நல்லவளாகவும் இருக்கணும், அதுக்கு இன்னொருத்தன் அனுமதியும் வேணும். என்ன ஜென்மம்டி நீ?

ஏப்ரல் 6, வியாழன்

ஆய்விதழ், செய்தித்தாள், மத்ரித், மூன்றுக்கும் கடிதத்தை அனுப்பிவிட்டேன். முதல் வரி: “தவறு என்னுடையது. கருவியைத் துடைக்காமலே துடைத்ததாகக் கையெழுத்திட்டேன்.”

ஏப்ரல் 20, வியாழன்

செய்தித்தாளில் திருத்தம் வந்தது. இருபத்து மூன்றாம் பக்கம், காது கேட்கும் கருவி விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரி. அதில் என் பெயரை மட்டும் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள்.

லியாந்த்ரோ வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். என் அக்கா கசில்டா மட்டும் தொலைபேசியில், “நாலு புள்ளி ரெண்டும் உங்க பழைய கணக்க விடக் கூடத்தானடி? அத ஏன் ஒருத்தனும் போடல?” என்றாள். எங்கள் துறையில் இதைக் கேட்ட ஒரே ஆள், காபிக் கடை நடத்துகிறவள்.

ஜூன் 9, வெள்ளி

பெரிய கோபுரம் இல்லை. லியாந்த்ரோ மத்ரித்தில் ஆலோசகராகிவிட்டார். எதைப் பற்றி ஆலோசனை என்று கேட்காதே. இப்போதிருக்கும் சின்னக் கோபுரத்துக்கு இன்னும் ஒரு வருடம் தந்திருக்கிறார்கள், பாதிச் சம்பளத்தில், என்னோடு இன்னும் இரண்டு பேருக்கு. அதில் ஃபெர்மின் இல்லை. விடைபெறும்போது எல்லாரிடமும் கைகொடுத்தார். என்னிடம் மட்டும் தலையசைத்தார். அதன் பிறகு நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

இதற்கு நக்கலாக ஒரு வரி தேடினேன். கிடைக்கவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

ஓய்வூதியக் காகிதத்தில் முத்திரை வாங்க ஃபெர்மின் வந்திருந்தார். அலுவலகத்தில் வேலை முடிந்தும் போகவில்லை. வேலி ஓரமாக நின்று கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“மூணாவது வரிசைய யாரு கழுவுனது?”

“நான்தான்.”

“தெரியுது.”

கண்ணைச் சுருக்கிக் கோபுர உச்சியைப் பார்த்தார்.

“இப்ப எவ்வளவு வருது?”

“நேத்து நாலு புள்ளி நாலு.”

“நெசமாவா?”

“நெசமா.”

காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். குழாயை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போனார்.