ஊன்றக் கூடாத கால்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ அழுகிறாய். அதனால் அத்தான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இங்கே ஒரு குறையும் இல்லை. உன் வாலு சமர்த்தாகப் பள்ளிக்கூடம் போகிறாள். "சித்தி, நீ இங்கயே இருந்துடேன்" என்கிறாள். சமையலறை டப்பாக்களை மாற்றி அடுக்கிவிட்டேன். "இப்பத்தான் எது எங்க இருக்குன்னு தெரியுது" என்று அத்தான் சிரிக்கிறார். நிம்மதியாக ஓய்வெடு.

உன் தங்கை


ஜூன் 10

அன்புத் தங்கைக்கு,

என் வீட்டுக்கு மூன்று மாடி ஏற முடியாமல்தானே அம்மா வீட்டில் கிடக்கிறேன்! வழுக்கியதில் கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் உடைந்து, மூட்டே விலகிவிட்டதாம். தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். "எலும்பு கூடுற வரைக்கும் பாதத்தைத் தரையில ஊனிடாதீங்கம்மா" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். தலையணைமேல் காலைத் தூக்கி வைத்து, விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் டப்பாக்களை யாரைக் கேட்டு மாற்றினாய்? நேற்று வாலு போனில் என்னையே "சித்தி" என்று கூப்பிட்டாள். வயிறு எரிகிறது, ஒளிப்பானேன். சீக்கிரம் வந்துவிடுவேன்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

வாக்கரைத் தள்ளிவிட்டு நடந்து பார்த்தாயாமே! தகடு நகர்ந்துவிட்டது, மறுபடி ஆபரேஷன் என்று அம்மா அழுகிறாள். யாரை முந்த இந்த அவசரம்? என்னையா?

என் வயிற்றெரிச்சலையும் கேள். எனக்கு டைபாய்டு வந்தபோது, "அக்காவுக்குப் பரீட்சைடி" என்று அம்மா உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போதும் உன் கட்டிலருகே படுக்கிறாள். வாலு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது, இவள் உன் மகள் என்பதை வேண்டுமென்றே மறக்கிறேன். நாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து உன்னிடமே விட்டுவிடுகிறேன்.

தங்கை


ஜூன் 25

என் செல்லத் தங்கைக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ஆஸ்பத்திரியில் வாலு என் கட்டுக்கு முத்தம் கொடுத்தாள். நீ கிளம்பியதும் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சித்தியோட போய்ட்டு வா கண்ணு" என்று அனுப்பிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போதும் எரிகிறதுதான். ஆனாலும் டாக்டர் சொல்லும்வரை காலை ஊன்ற மாட்டேன். அதுவரை அவள் உன்னிடமே இருக்கட்டும்.

இங்கே என்னைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது அம்மா. "உன் தங்கச்சி என்னைக் கூப்பிடவே இல்லையேடி" என்றாள். "கூப்பிட மாட்டாம்மா. நீயா போய் அவ பக்கத்துல படு" என்றேன். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள், முதலில் தண்ணீர் கொடு.

அக்கா