தூக்காத கை

2003 செப்டெம்பர் 2, செவ்வாய்
சலவைக்கடையில் மேசைவிரிப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது முதலாளி கெஸ்லர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். இந்நாட்டு வெள்ளைக்காரர், எங்கள் மொர்மன் கிறிஸ்தவச் சபையின் பழைய ஆள். என்னைச் சபைக்குக் கூட்டிப்போனதும் வேலை தந்ததும் அவர்தான். வருகிற ஞாயிறு, கானாவிலிருந்து வந்த மென்சாவை எங்கள் சபைக் கிளையின் தலைவராக அறிவிக்கப்போகிறார்களாம். சபையார் வலது கையை உயர்த்தி ஏற்கவேண்டும்.

"நீ தூக்காதே, மக்டலீன். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு கறுப்பர் சொல்லி இங்கே யார் கேட்பார்கள்?"

நானும் கறுப்புத்தானே.

நிரந்தர விசாவுக்கு வேலைக் கடிதம் வேண்டும். திங்கட்கிழமை தருகிறேன் என்றார்.

செப்டெம்பர் 4
என் கணவர் அலோசியஸிடம் சொன்னேன். எங்கள் கத்தோலிக்க வேதக்கோயிலை விட்டு நான் அங்கே போவதே அவருக்குப் பிடிக்காது. "உமக்கேன் இந்த வில்லங்கம்? முதல்ல விசா வரட்டும்" என்றார்.

செப்டெம்பர் 7, ஞாயிறு
தூக்கவில்லை. எதிர்ப்பவர் உண்டா என்று கேட்டபோதும் தூக்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது. மென்சா கண்டிருப்பாரா? இருந்ததே முப்பது பேர்.

செப்டெம்பர் 8
கடிதம் கிடைத்தது.

செப்டெம்பர் 18
மென்சா வீட்டுக்கு வந்தார். ஏன் கை தூக்கவில்லை என்று கேட்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். அவரோ தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். கறுப்பருக்குக் குருத்துவம் இல்லையென்று இந்தச் சபை வைத்திருந்த காலத்தில், அவர்கள் ஊரில் சிலர் மொர்மன் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாங்களாகவே கூடினார்களாம். ஞானஸ்நானம் கொடுக்க ஆளில்லை. 1978இல் அந்தத் தடை நீங்கும்வரை, பதினான்கு வருடம், தகப்பன் காத்திருந்தாராம்.

எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குப் பயத்தில் கை தூக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"கண்டேன். எனக்கும் அன்று பயம்தான்" என்றார்.

பிறகுதான் வந்த காரியம். சபைப் பெண்களுக்கு நான் தலைமை ஏற்கவேண்டுமாம். ஏலாது என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று எழும்பினார்.

செப்டெம்பர் 24
ஏன் என்னை? ஓமெண்டால் கெஸ்லர் அம்மா தந்த வேலை போகும். வேலை போனால் விசா போகும். விசா போனால் ஊருக்கு அனுப்பிப்போடுவினம் — அங்க ஆர் இருக்கினம் எங்களுக்கு? மாட்டன் எண்டுதான் சொல்லவேணும்.

செப்டெம்பர் 30
ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தகப்பனை நினைக்க நினைக்க மாட்டேன் என்ற சொல் வாயில் வரவில்லை. பிறர் சொல்லி அறியக்கூடாது என்று கெஸ்லர் அம்மாவிடம் நானே போனேன். அயன் பெட்டியை நிறுத்தினார். "அக்டோபரோடு உன் வேலை போதும்" என்றார்.

வீட்டில் அலோசியஸ் ஏசவில்லை. விசா பைலை மடியில் வைத்தபடி இருந்தார். ஏசியிருக்கலாமே.

நவம்பர் 2, ஞாயிறு
விசாவுக்கு இன்னும் பதில் இல்லை. நாளை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை தொடங்குகிறேன், மூன்று மாதத்துக்கு மட்டும். இன்று பெண்கள் கூட்டத்தை முதன்முதலாக நடத்தினேன். பாதியில் கதவு திறந்தது. கெஸ்லர் அம்மா வந்து கடைசி வரிசையில் இருந்தார், கோட்டைக் கழற்றாமல். நான் பாட்டின் இலக்கத்தைச் சொன்னேன். அவரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.