பவளத்தின் வயிறு

மேச்சேரி
18.9.1979

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, வசந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அத்தை சுகம். முழங்கால் வலிக்கு மெட்ராஸில் நல்ல தைலம் இருந்தால் வாங்கி வரச் சொன்னார். மழை ஏமாற்றிவிட்டது, கடலைக்காடு வாடுகிறது. பெரிய ஆடு இரட்டைக் குட்டி போட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

போன மாதம் என்ன எழுதினீர்கள், நினைவிருக்கிறதா? ‘பவளம் கிடைத்தது என் பாக்கியம். மியூசியத்தில் பகலெல்லாம் பவளத்தோடுதான். அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.’ நம் ஊரில் தெருவுக்கு ஒரு பவளாயி. எல்லாரையும் பவளம் என்றுதானே கூப்பிடுகிறோம்? பாட்டிலில் இருக்கும் பாம்புகளைப் படிக்கப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். பாட்டில் எடுத்துக் கொடுக்க ஒரு சிவத்த சிறுக்கியை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வயிறு பற்றி எரிந்தது. பக்கத்து வீட்டு மாரக்காளிடம் சொன்னால், ‘அட சாமி, சொக்குப்பொடி போட்டுட்டாளாட்ட இருக்குது, மொதல்ல பஸ் ஏறு’ என்றாள். அந்தப் பவளத்துக்கு முடியெல்லாம் கொட்ட வேண்டும் என்று பத்ரகாளியிடம் வேண்டிக்கொண்டேன்.

நேற்று வந்த கடிதத்தில், ‘பவளத்தின் வயிற்றை அறுத்துப் பார்த்தேன்’ என்று இருந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன். அத்தை ஓடி வந்தார். அடுத்த வரியில்தான் அது பவளப்பாம்பு, அபூர்வமான விஷப்பாம்பு என்று புரிந்தது. உள்ளே ஒரு புழுப்பாம்பு இருந்ததாம், தலைப்பக்கமாக விழுங்கியிருந்ததாம். என் வேண்டுதலைச் சொன்னதும், பாம்புக்கு முடி ஏது என்று அத்தை சிரித்துச் சிரித்து இருமினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணாக இருந்தாலாவது போய்ச் சண்டை போடலாம். என் பாட்டன் காலத்தில் செத்த பாம்பு கடைசியாக என்ன தின்றது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். வசந்தா என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரி உண்டா? எனக்குப் பொறாமைதான். பாம்பானாலும் பொறாமைதான்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சோற்று வாசம் பட்டாலே குமட்டுகிறது. கம்மங்கூழும் தங்குவதில்லை. புளியங்காய் மட்டும் இறங்குகிறது. அத்தை என்னை ஆட்டுப்பட்டிப் பக்கமே விடுவதில்லை.

பவளத்தின் வயிற்றைப் பார்த்தது போதும், ஊருக்கு வாருங்கள். பத்ரகாளி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

பெண் பிறந்தால் பவளாயி என்று பேர் வைக்கலாம் என்கிறார் அத்தை. நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
வசந்தாமணி