இன்ஸ்பெக்டரம்மாவின் பயப் பட்டியல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், மாப்பிள்ளை, உன் மகள் மூன்று பேரும் சுகம். என் முழங்கால் மட்டும் மூன்றாவது மாடி ஏறும்போது முனகுகிறது, லிப்ட் ஓடுகிற நாளில் அதுவும் இல்லை. லிப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிப்ட் ஓடாத நாளும் உண்டு என்று தெரிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், வெளியே சொல்லிவிடாதே. நீ சுகம் என்று போனில் சொன்னாய், ஆனால் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசலாமே என்பாய். இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுதுகொண்டு பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி மேஜை மேலேயே கிடக்கும், எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்துவிட்டேன் அம்மா. உன் மகள் உன்னைப் பார்த்து ஏன் அப்படிக் கத்தினாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். பழுது உன்னிடம் இல்லை. இந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே போ.

போன லீவில் நடந்தது உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பதினான்கு நாள் லீவு போட்டு வந்தாய். வாசலில் பெட்டியோடு நின்று அவளைக் கூப்பிட்டாயோ இல்லையோ, வீடே இடிந்து விழுந்ததுபோல் ஒரு கத்தல் கத்தி, ஓடிப்போய் மாப்பிள்ளையின் இரண்டு கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டாள். ஒரு வயது முடிந்த கையோடு விட்டுவிட்டுப் போன குழந்தை, இரண்டு வயதில் அம்மாவை மறந்துவிட்டது என்று நாம் எல்லோரும் முடிவு கட்டினோம். ஆனால் போனில் உன் முகம் தெரிந்தால் திரையெல்லாம் எச்சில் பண்ணி முத்தம் கொடுப்பவளும் இவள்தான். பதினோராம் நாள் நீ டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாய். லிப்ட் கதவு மூடும்போது, “அவளுக்கு நான் போனுக்குள்ளயே இருந்தா போதும்ப்பா” என்றாய். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் லிப்ட் கதவு மூடுவதைப் பார்த்திருப்பேன், எதுவும் என்னை அப்படி அறுத்ததில்லை. இப்போது என்னவென்றால், அங்கே உன் லேபில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் போட்டுவிடப் போகிறேன், லீவுக்கும் வரப்போவதில்லை, நான் வந்து குழந்தையை ஏன் படுத்தவேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். அவர் அதை என்னிடம் சொன்னபோது பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு யூனிபாரத்தைக் கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், கோபப்படத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் கோபப்பட்டு என்ன செய்ய, எந்த லிப்டும் திட்டுக்குப் பயந்து ஓடியதில்லை.

நீ இப்போது அவளைப் பார்க்க வேண்டும். இங்கே அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை லிப்டைச் சோதிக்க ஒரு இன்ஸ்பெக்டர் வருவாரே, எது சரியாக இருந்தாலும் ஏதாவது ஒரு குறை எழுதாமல் போகமாட்டாரே, அவரை உரித்து வைத்தமாதிரி இருக்கிறாள். வாழைப்பழம் உடைந்தால் சாப்பிடமாட்டாள், ஒட்டித் தரவேண்டும். உரித்த தோலை மறுபடி மூடி, பழத்தைத் தூங்கவைத்துவிட்டு, பிறகு எழுப்பிச் சாப்பிடுவாள். ரொட்டியின் ஓரத்தைக் கண்டால் ஆகாது, வெட்டிய ஓரத்தை வீட்டை விட்டே வெளியேற்ற வேண்டும், குப்பைக்கூடையில் கிடந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். குளிக்கும்போது தொப்புளுக்குள் தண்ணீர் போய்விடுமாம், ஒரு கை எப்போதும் தொப்புளின் மேல், மீதி இருக்கிற ஒரு கையால்தான் எல்லா வேலையும். அவள் தும்மலாம், நாங்கள் தும்மக்கூடாது, தும்மினால் சுவரைப் பார்த்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். என் மூக்குக்கண்ணாடி மேஜை மேல் தனியாக இருந்தால் பதறிப்போய், தாத்தாவின் கண் கீழே கிடக்கிறது என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவாள், அதற்குள் கண்ணாடியில் பத்து விரலும் பதிந்திருக்கும். மாப்பிள்ளை சட்டை பட்டன் ஒன்று திறந்திருந்தாலும் டெப்போவுக்குப் போக அனுமதி கிடையாது. இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து ஒரு பெண் குழந்தையை எப்படிச் சமாளிப்போம் என்று நீ கவலைப்பட்டாய். நாங்கள் எங்கே சமாளிக்கிறோம், அவள்தான் எங்களைச் சமாளிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எல்லாப் பாகத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் லிப்ட் ஓடும், ஆனால் எது கெட்டிருந்தது என்று கடைசி வரை தெரியாது. ஒன்றொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வந்து சொன்ன மறுநாளே பழைய சர்வீஸ் நோட்டில் ஒரு பக்கம் திருப்பி, நீ வந்தபோது உன்னிடம் புதிதாக இருந்தது என்னென்ன என்று எழுதினேன். மூக்குக்கண்ணாடி, கத்தரித்த முடி, சென்ட், சிவப்புக் கோட்டு. என் கண்ணாடியை மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டேன், அவள் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டாள். மருந்துக்கடைப் பெண்ணுக்கு உன்னைப்போலவே கத்தரித்த முடி, அவளிடம் நேராகத் தாவிப் போய் மாத்திரை டப்பாக்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நீ விட்டுப்போன சென்ட் பாட்டிலில் இரண்டு சொட்டு எடுத்துத் தலையணையில் தடவினேன். முகம் புதைத்து மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினாள் அம்மா, புரண்டுகூடப் படுக்கவில்லை. சிவப்புக் கோட்டும் நீ விட்டுப்போனதுதான், அலமாரியில் தொங்குகிறது, அதற்குள் புகுந்து கண்ணாமூச்சி ஆடுகிறாள். நாலையும் அடித்துவிட்டு நோட்டைப் பார்த்தால், மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிடி கிடைத்தது போன மாதம் ஒரு காலை வேளையில். சமையலறையில் ஒரு அலமாரித் தட்டு மாட்ட அளவெடுக்கலாம் என்று என் ஸ்டீல் டேப்பை எடுத்துச் சர்ரென்று இழுத்தேன். கத்தினாள் பார், அதே கத்தல். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற காது இது, அம்மா, தப்பாகக் கேட்காது. நீ வாசலில் நின்றபோது கேட்ட அதே கத்தல், அதே ஓட்டம். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அவளுடைய பயப் பட்டியல் ஒன்று ஏற்கெனவே எங்களிடம் உண்டு, வேலைக்காரம்மாவுக்கும் எதிர்வீட்டு போட்டோக்காரருக்கும் தெரியட்டும் என்று மாப்பிள்ளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். குடை, பலூன், போட்டோக்காரரின் முக்காலி ஸ்டாண்டு, ரொட்டி வாட்டுகிற மெஷின், துணி காயப்போடும் ஸ்டாண்டு. தலையும் இல்லை வாலும் இல்லை என்று சிரித்துக்கொண்டிருந்த பட்டியல். அன்றைக்குத்தான் அதைப் பழுதுப் பட்டியலாகப் படித்தேன். மூடிய குடையை ஊன்றிக்கொண்டு நடப்பாள், விரித்த குடைக்கடியில் வீடு கட்டி உட்காருவாள், விரிக்கிற அந்த ஒரு நொடிதான் ஆகாது. ஊதிய பலூனைக் கட்டிப்பிடித்துத் தூங்குவாள், ஊதும்போதுதான் ஓடுவாள். ரொட்டியிடம் பயமில்லை, அது மெஷினிலிருந்து எழும்பும்போதுதான். குட்டியாக இருக்கிற சாமான் கண்ணெதிரே நீளக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தும்மலுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறவளிடம் காரணம் எங்கே போய்க் கேட்பது?

அதற்குப் பிறகுதான் உன் பெட்டி நினைவுக்கு வந்தது. சக்கரம் வைத்த பெட்டி, மேலே பட்டனை அமுக்கினால் கைப்பிடி சடக் சடக்கென்று இரண்டு தடவையாக மேலே வரும். நோட்டில் உன்மேல் இருந்ததையெல்லாம் எழுதினேனே தவிர, உன் கையில் இருந்ததை எழுதவில்லை. வாசலில் நீ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே அந்தக் கைப்பிடியைத்தான் இழுத்தாய். பிறகு நடந்ததற்கு நான் தலைகுனிய வேண்டும். எல்லா பொம்மையையும் ஒரேயடியாகக் கொடுக்காதே, தினம் ஒன்றாகக் கொடு, அப்போதுதான் ஒட்டும் என்று யோசனை சொன்னவன் நான். நீயும் என் பேச்சைக் கேட்டு, தினமும் பெட்டியை அறையிலிருந்து கைப்பிடி நீட்டி ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு பொம்மையை எடுத்துக் கூப்பிட்டாய். பத்து நாள், பத்து பொம்மை, பத்து சடக் சடக். மூன்றாம் நாளிலிருந்து உன்னைக் கண்டாலே பின்னால் அது வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனில் நீ வரும்போது பெட்டி வருவதில்லை, அதனால் முத்தம். ஊகத்தை வைத்துக்கொண்டு நான் கடிதம் எழுதமாட்டேன் என்று உனக்குத் தெரியும். போட்டோக்காரரிடம் அதேபோல் ஒரு பெட்டியை இரவல் வாங்கிவந்தேன். கைப்பிடி உள்ளே இருக்கும்போது அதன்மேல் ஏறிக் குதிரை ஓட்டினாள். ஒரு கயிறு கட்டி இழுத்தேன், சக்கரச் சத்தத்துக்குப் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தாள். பட்டனை அமுக்கினேன். கத்தல். மாப்பிள்ளை ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். நான் நோட்டில் தேதி போட்டு, பழுது கண்டறியப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கண்டுபிடித்தால் போதுமா, சரிபண்ண வேண்டாமா? மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் பெட்டி ஒரு மூலையில் சும்மா இருந்தது, யாரும் தொடவில்லை. அடுத்த வாரம் போட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் முன்னாலேயே கைப்பிடியைக் கழற்றிப் பரப்பினேன். இரண்டு குழாய், ஒரு ஸ்பிரிங், ஒரு பட்டன். என் மடியில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை மோந்து பார்த்தாள், குழாய்க்குள் என்னைக் கூப்பிட்டாள், நான் மறுமுனையில் பதில் சொன்னேன். திரும்ப மாட்டியபின் அவள் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்து, நீ சொன்னால்தான் இது வெளியே வரும், நீ சொன்னால்தான் உள்ளே போகும் என்றேன். அன்றைக்கு அமுக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், நான் பார்க்காதமாதிரி செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது அமுக்கிவிட்டாள். கைப்பிடி ஒரு சாண் எழும்பியது. உதடு பிதுங்கியது. திடீரென்று விரலை நீட்டி, “போ உள்ளே” என்று ஒரு அதட்டல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள். போய்விட்டது. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று மட்டும் நாற்பது தடவைக்கு மேல் அதை வெளியே வரச் சொல்லி உள்ளே அனுப்பினாள். இப்போது எங்கள் வீட்டில் எதுவும் அவள் அனுமதி இல்லாமல் நீள்வதில்லை. குடையை அவள் சொன்ன பிறகு விரிக்கிறோம், ரொட்டிக்கு அவள் பக்கத்தில் நின்று “வா மேலே” என்று உத்தரவு போடுகிறாள். போட்டோக்காரர் முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்குகிறார். ஃபிரிட்ஜில் இருந்த பட்டியலை மாப்பிள்ளை கிழித்துப் போட்டுவிட்டார். ரொட்டி ஓரம் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை, அதை நீ வந்து பார்த்துக்கொள்.

இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தானே வெளி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், எங்களைக் கதவைச் சாத்தச் சொன்னாள். தட்டினாள். திறந்தோம். கைப்பிடி முழுசாக மேலே நீட்டியிருக்கிறது, அவள் தலைக்கு மேல் இருக்கிறது, எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, “அம்மா வந்துட்டேன்” என்றாள். ஹாலுக்கு இழுத்துவந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, எனக்கு ஒரு கரண்டி கொடுத்தாள், அவள் அப்பாவுக்கு ஒரு சாக்ஸ் கொடுத்தாள். பிறகு இரண்டு கையையும் அகல விரித்து, நீ எப்படிக் கூப்பிடுவாயோ அதே மாதிரி, காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, “தங்கம் வா, அம்மாகிட்ட வா” என்று கூப்பிட்டாள். அந்தத் தலைசாய்ப்பும் தங்கமும் நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை அம்மா. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் யாரையும் தங்கம் என்று கூப்பிட்டதே கிடையாது. பதினோரு நாளும் அப்பன் கால்களுக்கு நடுவிலிருந்து கத்திக்கொண்டே உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒன்றையும் விடவில்லை. மாப்பிள்ளை சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார், பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், உன் வேலை உன் உழைப்பு. ஆனால் குழந்தைக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகப் போடாதே, அந்தக் காரணம் இப்போது இல்லை. போட்டோக்காரர் எடுத்த படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள், காலில் செருப்பு இடது வலது மாறியிருக்கிறது, கண்டுகொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, கழுத்துவலிக்கு உயரமான தலையணை வேண்டாம். நீயும் உன் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அதைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் ஆயுசு இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. லீவுக்கு வரும்போது பெட்டியின் கைப்பிடியை உள்ளேயே வைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சும்மா நில். அதை வெளியே வரச் சொல்கிற அதிகாரி கதவுக்கு இந்தப் பக்கம் காத்திருக்கிறாள்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா