கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

காக்கா,

நேற்று ஸ்டேடியத்தில் ரேடியோ அறையைக் காலி செய்தார்கள். இனி அது கேமராப் பெட்டிகள் வைக்கும் இடமாம். வேண்டியது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைக்குள், உங்கள் ஹெட்போன் இருந்தது. உறையைப் பிரித்ததும் காதுப் பஞ்சிலிருந்து உங்கள் அத்தர் மணம் கிளம்பி வந்தது. நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. மணம் மட்டும் அப்படியே இருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன், "மேடம், கியா ஹுவா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லே பாய்" என்றேன்.

அந்த ஒன்றுமில்லையைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இருவரும் மைக்குக்கு வந்த வழியே வேறு. நீங்கள் ஷார்ஜா தொழில்பேட்டையில் உங்கள் மாமாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு இருபத்திரண்டு வயதில் வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் மணல் மைதானத்தில் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். யாரோ கையில் கொடுத்த மெகாபோனில் நீங்கள் விளையாட்டாகப் பேசப்போய், அடுத்த வாரம் ஆடுகிறவர்களைவிடக் கேட்க வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அங்கிருந்து தமிழ் எஃப்.எம். அங்கேயும் எல்லோருக்கும் நீங்கள் காக்கா, உங்கள் ஊர் வழக்கில் அண்ணன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். சர்க்கரை நோய் பற்றிப் பேச அந்த எஃப்.எம்.முக்கு ஒரு நாள் வந்தேன். வெளியே வரும்போது நீங்கள் வாசலில் நின்று, "தங்கச்சி, ஒனக்குக் கிரிக்கெட் தெரியுமா?" என்று கேட்டீர்கள்.

"எங்க வீட்டுல நாலு அண்ணன்மாரு. தெரியாம இருக்க முடியுமா காக்கா?"

"அப்ப வெள்ளிக்கிழம வா."

அப்படித்தான் தொடங்கியது. மூன்று வருடம் வெள்ளிதோறும் பேசினோம். அப்புறம்தான் இங்கே புதிதாக பேஸ்பால் லீக் வந்தது. டீம் நடத்துகிறவர்கள் தொழிலாளிகளையும் இழுக்க வேண்டும் என்று தமிழிலும் வர்ணனை கேட்டார்கள். நம் இருவருக்கும் பேஸ்பாலில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. உங்கள் கடையில், என்ஜின் ஆயில் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, பழைய ஆட்டங்களை போனில் போட்டுப் பார்த்தோம். எனக்குத் தலை சுற்றியது. நீங்கள்தான் திடீரென்று தொடையில் தட்டினீர்கள்.

"இதுல என்ன இருக்கு? வீட்டுலேர்ந்து கெளம்புறான். மூணு எடத்துல நிக்கிறான். திரும்ப வீடு வந்து சேந்தாத்தான் ஒரு ரன்னு. நம்ம ஆளுவளுக்குப் புரியாதா?"

முதல் ஆட்டத்திலேயே ஒருவர் மூன்றாவது தளம் வரை ஓடி வந்து நின்றார். அதற்குள் அடுத்த ஆள் அவுட் ஆகி இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. "பாவம், வாசல் வரைக்கும் வந்துட்டாரு. கஃபீல் லீவு குடுக்கலே" என்றீர்கள். விசா கொடுத்த முதலாளியிடம் லீவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம், முசஃபாவிலிருந்தும் அஜ்மானிலிருந்தும் போன் மேல் போன். பேஸ்பால் என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர்கள் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்கள்.

நான் வேகமாகப் பேசினால் மைக்கை மூடிக்கொண்டு சொல்வீர்கள்: "காருக்கு அடியில படுத்துக் கெடக்கிறவனுக்குச் சொல்லு. அவனுக்கு நம்ம வாய்தான் கண்ணு." உங்கள் கடைக்கு எதிரே இருந்த கராஜில் அப்படி எத்தனை பேர் படுத்துக்கொண்டே கேட்டார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்த முதல் சீசனில் ஒரு பந்து உயரப் பறந்தது. நான் ஆவேசமாக "ஹோம் ரன்!" என்று கத்திவிட்டேன். அது பக்கக் கோட்டுக்கு வெளியே போன, கணக்கில் வராத பந்து. நீங்கள் உடனே, "தங்கச்சி, அந்தப் பக்கம் ரோடுதான் இருக்கு, ரன்னு இல்லே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் கிளினிக்கில் மருந்து வாங்க வந்தவர்கூட, "சிஸ்டர், அந்தப் பக்கம் ரோடுதானே?" என்று கேட்டார். ஒரு வாரம் இதே பேச்சு. உங்களிடம் விஷம் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அது எனக்குள் சின்ன முள்ளாகத் தங்கிவிட்டது. உங்கள் பக்கத்தில் இருக்கும்வரை நான் உங்கள் தங்கச்சி மட்டும்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

இரண்டாவது சீசனுக்கு முன்னால் தமிழ் வர்ணனை டிவிக்கும் வந்தது. நம் புரொடியூசர், அந்தப் பாலக்காட்டுக்காரர், என்னைத் தனியாக ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேலே உள்ளவர்கள் என் முகமும் பேச்சும் பிடித்திருப்பதாகச் சொன்னார்களாம்.

"காக்கா வேணுமெங்கில் ரெண்டு சேர் போடலாம். நான் சம்மதிப்பிக்கும். பட்சே நீங்க சொல்லணும். காக்கா இல்லாம பற்றுமா, முடியுமா?"

காக்கா, நான் யோசிக்கக்கூட இல்லை.

"நான் தனியாவே சமாளிச்சிருவேன் சார்" என்றேன்.

நான்கே சொற்கள். அவர் தலையாட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது எனக்குக் குற்ற உணர்வு எதுவும் வரவில்லை. லிஃப்ட் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். அதுதான் நடந்தது.

உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். கடை வாசலில் நின்றபடியே, "அவங்க ஒரு ஆளுதான் வேணும்னுட்டாங்க காக்கா" என்றேன். நீங்கள் கையிலிருந்த ஃபேன் பெல்ட்டை ஆணியில் மாட்டினீர்கள். மாட்டியதைத் திரும்ப எடுத்து இன்னொரு ஆணியில் மாட்டினீர்கள்.

"அல்லாஹ் ஒனக்கு நல்லதாக்கட்டும். கேமராவப் பாத்துப் பயந்துராத. அதுவும் ஒரு ஆளுதான்."

அந்த சீசனின் முதல் பாதி முழுவதும் நீங்கள் ரேடியோ அறையில், நான் பக்கத்து டிவி அறையில். நடுவில் ஒரு கண்ணாடி. மூன்று மணி நேர ஆட்டத்தை ஒருவரே பேசுவது என்ன பாடு என்று நம் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். மூச்சு வாங்க இடம் இருக்காது. வாக்கியத்தை நாம் விட்ட இடத்தில் எடுக்க யாரும் இல்லை. என் விளம்பர இடைவேளைகளில் திரும்பிப் பார்ப்பேன். உங்கள் கை எழும், விரல் பந்து போகும் திசையைக் காட்டும், வாய் அசையும், சத்தம் மட்டும் கேட்காது. சில நேரம் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்து ஏதோ கேட்பீர்கள். அப்புறம் நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள். நான் பார்ப்பதை நீங்கள் பார்த்துவிட்டால் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவீர்கள்.

ஆட்டம் முடிந்து நான் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் வரும். அடுத்த அறையிலிருந்தே கூப்பிடுவீர்கள். "ஏழாவது இன்னிங்ஸ்ல நல்லாப் பேசுனே." அல்லது, "அந்தப் புது பிட்சர் பேர தப்பாச் சொல்லுறே, பாத்துக்கோ." உங்கள் தொண்டை கம்மியிருக்கும். சுக்கு வெந்நீர் குடியுங்கள் என்று நர்ஸாகச் சொல்வேன். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

சீசன் பாதியில் தமிழ் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். டிவி இருக்கும்போது ரேடியோ எதற்கு என்றார்கள். மறு ஆட்டத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது. அன்றைக்காவது புரொடியூசரிடம் போய் அந்த இரண்டாவது சேரைக் கேட்டிருக்கலாம். போகவில்லை. பழகிவிட்டது, காக்கா. தனியாகப் பேசுவது இனித்தது.

பெருநாளுக்கு ஒருமுறை கடைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? நான் வாசலில் நின்று உங்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எதிர் கராஜில் ஒரு பிக்கப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"காக்கா, அது நம்ம ரேடியோ அக்காவா?"

நீங்கள் பெருமையோடு சிரித்தீர்கள். "இப்ப டிவி அக்காடா! வெளிய வந்து பாரு!"

கரியும் கிரீஸுமாக அவர் நகர்ந்து வெளியே வந்தார். ராமநாதபுரத்துக்காரர். "டிவி பாக்க எங்க நேரம் அக்கா? நீங்க ரெண்டு பேரும் பேசுறப்ப வேல ஓடுறதே தெரியாது" என்றார். நீங்கள்தான் அவர் தோளில் தட்டி, "எல்லாம் மாறும்ல, வேலயப் பாரு" என்று அனுப்பினீர்கள். பிறகு எனக்குப் பெருநாள் இனிப்பு, வட்டலப்பம், எடுத்து வைத்தீர்கள். ஒரு வாய் தின்றுவிட்டு, டூட்டி இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

இந்த வருடமும் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் போன் செய்தீர்கள். கடையில் சின்ன டிவி வாங்கி வைத்திருந்தீர்கள். நான் பாதி நாள் எடுக்கவில்லை. "டூட்டி காக்கா, அப்புறம் கூப்பிடுதேன்" என்று மெசேஜ் போடுவேன். நீங்கள் ஒரு தடவைகூட அப்புறம் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதில்லை.

நீங்கள் போன அன்றைக்கு, ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. மைக் மாட்டிக்கொண்டிருந்தேன். புரொடியூசர் உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வார்டில் எத்தனை முகங்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். மதியம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அந்த ராமநாதபுரத்துக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வேற ஆளில்லா. உங்களால் பற்றுமா?" என்று கேட்டார்.

"சமாளிச்சிருவேன்" என்றேன். அதே சொல். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

முதல் பந்து வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பந்தும் வந்தது. காதுக்குள் புரொடியூசர், "பேசு, பேசு மோளே" என்று கெஞ்சினார். பேசினேன். மூன்று மணி நேரம் பேசினேன். யார் எந்த இடத்தில் நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போகிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று, டிவியில் தெரிவதை எல்லாம்கூடச் சொன்னேன். உங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். கேமரா முன்னால் அழ வெட்கமாக இருந்தது. நம் ரேடியோ அறையாக இருந்திருந்தால் அழுதிருக்கலாம்.

உங்களை ஷார்ஜாவிலேயே அடக்கினார்கள். ஊருக்குக் கொண்டுபோக நாளாகும் என்று உங்கள் பிள்ளைகள் போனிலேயே சம்மதித்துவிட்டார்கள். உங்கள் மனைவி, என் மதினி, ஊரிலிருந்து வீடியோவில்தான் பார்த்தார்கள். நான் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்குக்கு வெளியே, ஆண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். கடை ஆட்கள், கராஜ் ஆட்கள், முசஃபாவிலிருந்து வேனில் வந்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் உங்களை நேரில் பார்த்ததே அன்றைக்குத்தானாம்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள் மதினிக்குப் போன் செய்தேன். உங்களிடம் சொல்லாததை அவர்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவங்க ரெண்டு சேர் போடறதாத்தான் சொன்னாங்க மதினி, நான்தான் வேண்டாம்னுட்டேன், காக்காகிட்ட பொய் சொன்னேன் என்றேன்.

"அது ஒங்க காக்காவுக்குத் தெரியுமேம்மா" என்றார்கள் மதினி.

"என்ன மதினி?"

"அன்னைக்கே தெரியும். அந்த மலையாளத்து ஆளு அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாராம். ரெண்டு நாளு சோறு எறங்கலேன்னாங்க. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாங்க. 'அவளும் எத்தன நாளைக்குத்தான் எம் பேச்சுக்கு ஊடால பேசுவா'ன்னு."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கடை வாசலில் நான் பொய் சொன்னபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பெல்ட்டை இடம் மாற்றி மாட்டினீர்கள். தெரிந்துதான் கட்டை விரலைக் காட்டினீர்கள். தெரிந்துதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூப்பிட்டீர்கள். அந்த அழைப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எதிலாவது குரல் கொஞ்சம் மாறியிருக்கிறதா, ஒரு சொல்லாவது குத்தியிருக்கிறதா என்று தேடுகிறேன். மூச்சுவிடுவதை வைத்தே வலி எங்கே என்று சொல்கிற வேலையில் பத்து வருடமாக இருப்பவள் நான். உங்கள் குரலில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் மன்னித்துவிட்டதாக மதினி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் என்னைக் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான். அதைத் தூக்கிக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போகிறேன், ஸ்டேடியத்துக்குப் போகிறேன், வீட்டுக்கு வருகிறேன்.

ஒரே ஒரு தடவை, "ஏன் தங்கச்சி அப்படிச் சொன்னே?" என்று கேட்டிருந்தால், அங்கேயே உங்கள் கடை வாசலில் அழுது தீர்த்திருப்பேன், காக்கா. இப்போது அழத் தொடங்கினால், போதும் என்று சொல்ல யாரும் இல்லை.